டிரம்காரர் ஓட்ஸ் அளந்த ஆறு வாரங்கள்

டிரம்காரரின் வண்டியில் இருபத்தாறு வருடத்தில் ஒரு டிரம் கான்கிரீட்கூட இறுகிப்போனது கிடையாது. இதை அவரே சொல்லுவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். சொன்னால் என்ன, உள்ளதைத்தானே சொல்கிறார்?

முதுகில் பெரிய டிரம்மைச் சுழற்றிக்கொண்டே ஓடும் கலவை வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஆறு கன மீட்டர் ஈரக் கான்கிரீட். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். வழியில் சுணங்கினால் உள்ளேயே பாறையாகிவிடும். அப்புறம் ஆள் டிரம்முக்குள் இறங்கி, உளியும் சுத்தியலுமாக நாள்கணக்கில் உடைக்க வேண்டும். உடன் ஓட்டுகிறவர்களில் அப்படி இறங்கி உடைக்காத ஆளே இல்லை. இவர் ஒருவர்தான் உளியைத் தொட்டதில்லை.

ஒருமுறை பாலத்தின் நடுவில் லாரி ஒன்று கவிழ்ந்து ஐந்து மணி நேரம் போக்குவரத்து நின்றுவிட்டது. பின்னால் நின்ற இன்னொரு கலவை வண்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவரா உட்காருவார்? இறங்கி நடந்தார். பாலத்தடியில் இருந்த கடையில் நாலு கிலோ சர்க்கரை வாங்கி வந்தார், ஏணியில் ஏறி டிரம் வாயில் கொட்டினார். சர்க்கரை விழுந்த கான்கிரீட் இறுகாது. பொறியாளர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதை நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் காதால் கேட்டே தெரிந்து வைத்திருந்தார். அன்றைய சரக்கு வேலைக்கு ஆகவில்லைதான், ஆனால் டிரம் தப்பியது. அன்றிலிருந்து அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதரின் ரத்தத்திலேயே சர்க்கரை ஏறிவிட்டது.

கம்பெனியில் வருடம் ஒருமுறை எல்லா ஓட்டுநர்களையும் பரிசோதிக்கும் டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார்.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது இது. இருநூத்தி நாப்பத்தெட்டு. நூத்தி எம்பதுக்கு மேல இருந்தா கனரக வண்டி ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட முடியாது. உங்க கம்பெனி விதி அது."

"அம்மா, நான் இருபத்தாறு வருஷமா..."

"தெரியும். டிரம்ல ஒண்ணுகூட இறுகல. போன வருஷமும் சொன்னீங்க."

டிரம்காரர் காகிதத்தை மெல்ல அவர் பக்கமே தள்ளி வைத்தார்.

"காலைல என்ன சாப்பிடுறீங்க?"

"நாலு பன்னு. ஜாம் தடவி. ரெண்டு டீ."

"டீல சர்க்கரை?"

"மூணு ஸ்பூன்."

"ரெண்டு டீக்கும் சேர்த்தா?"

"இல்லம்மா, ஒரு டீக்கு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "ஆறு வாரம் தர்றேன். அதுவரைக்கும் உள்ளூர்ச் சுமை மட்டும் ஓட்டுங்க. மாத்திரையை விடாம போடுங்க. பன்னையும் ஜாமையும் மறந்துடுங்க. காலைல ஓட்ஸ் காய்ச்சிச் சாப்பிடுங்க."

"எந்த ஓட்ஸும்மா?"

"அது ஆளுக்கு ஆள் மாறும். வாங்கிப் பாருங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்தி அளந்து, எழுதி வைங்க. எது உங்க உடம்புக்கு ஒத்துப் போகுதோ அதைப் பிடிச்சுக்குங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க, பார்ப்போம்."

பார்ப்போம் என்று அவர் சொன்னதன் பொருள் டிரம்காரருக்கு நன்றாகவே தெரியும். கான்கிரீட் கலக்கும் ப்ளாண்ட்டின் வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு. பரிசோதனையில் தேறாத ஓட்டுநருக்குக் கம்பெனி அதைத்தான் கொடுக்கும். உள்ளே போகிற வண்டி எண்ணை எழுத வேண்டும், வெளியே போகிற வண்டி எண்ணை எழுத வேண்டும், தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். இப்போது அதில் இருப்பவர் ஒரு காலத்தில் ஜல்லி அள்ளிப் போடும் பெரிய லோடர் ஓட்டியவர், கண் பார்வை மங்கி அங்கே வந்து சேர்ந்தவர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பதினோரு வயதில் மணல் சட்டியைத் தலையில் ஏற்றியவர், லாரிகளைக் கழுவிக் கழுவியே ஸ்டியரிங்கைப் பிடித்தவர், நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவர், கடைசியில் பிறத்தியார் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு உட்காருவதா? அன்று வெளியே வரும்போது அவர் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பவே இல்லை.

கடையில் ஓட்ஸுக்கென்றே ஓர் அலமாரி முழுதும் ஒதுக்கியிருந்தார்கள். டிரம்காரர் பொட்டலங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குலுக்கிப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் பழகிய சங்கதிதான். இது தூள், இது சின்ன ஜல்லி, இது முக்கால் அங்குல ஜல்லி.

"என்ன வேணும் சார்?" என்று கடைக்காரப் பெண் வந்தாள்.

"மூணுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது ஸ்டீல் கட். தானியத்தைக் கத்தியால ரெண்டு மூணா வெட்டினது, அவ்வளவுதான். வேக அரை மணி நேரம் ஆகும். இது ரோல்டு. ஆவில வேகவச்சு உருளையில நசுக்கினது. பத்து நிமிஷம். இது இன்ஸ்டன்ட். இன்னும் மெலிசா நசுக்கி, முக்கால்வாசி வேகவச்சே வர்றது. வெந்நீர் ஊத்தினா போதும்."

டிரம்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. தூளாக இருந்தால் சீக்கிரம் கரையும், சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். கல்லாக இருந்தால் மெதுவாகக் கரையும். "அப்போ அந்த முக்கால் ஜல்லிதான் ஜெயிக்கும்," என்றார்.

"எது சார்?"

"ஒண்ணுமில்ல. மூணுலயும் அரை கிலோ கொடும்மா. சர்க்கரை, வாசனை எதுவும் சேர்க்காததா பார்த்துக் கொடு."

மூன்றாவது மாடியில் அவரும் மனைவியும் இருக்கும் வீடு. கூடத்தில் ஜன்னலோரமாக வீட்டம்மாவின் தையல் இயந்திரம். பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். டிரம்காரர் மூன்று பொட்டலங்களையும் சமையல் மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதத்தை ஒட்டினார். ப்ளாண்ட்டில் ஒவ்வொரு கலவையிலிருந்தும் சின்னக் கான்கிரீட் கட்டை வார்த்து, தேதி எழுதி, நாள் பார்த்து உடைத்துச் சோதிப்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று மனைவிக்கு விளக்கினார். வாரத்துக்கு ஒரு ரகம். தினமும் காலை ஒரே நேரம், ஒரே டம்ளர் அளவு, பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் ஊசி.

அந்த டம்ளரைத் தேர்ந்தெடுக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் டீ குடிக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தலை தட்டி அளப்பது என்று முடிவு செய்தார். அளவு விஷயத்தில் அவரை அசைக்க ஆள் கிடையாது. சின்ன வயதில் ஒரு சட்டி சிமென்ட், இரண்டு சட்டி மணல், நாலு சட்டி ஜல்லி என்று அளந்து போட்டவர். "நீ போட்ட சட்டியை நான் எண்ணவே வேண்டாம்டா" என்று அன்றைய மேஸ்திரி சொன்னாராம். அந்தக் கை இது.

முதல் நாள் மூன்று ரகத்தையும் கொஞ்சம் கொஞ்சம் காய்ச்சி, கிண்ணத்தில் அமுக்கி, தட்டில் கவிழ்த்துக் கிண்ணத்தைத் தூக்கினார். கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்க்க ப்ளாண்ட்டில் செய்வது அது. இன்ஸ்டன்ட் தட்டு முழுக்கப் பரவியது. ரோல்டு பாதி உயரத்தில் நின்றது. ஸ்டீல் கட் தொளதொளவென்று தண்ணீர் வேறு, தானியம் வேறாகப் பிரிந்தது.

வீட்டம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னங்க, இதைச் சாப்பிடப் போறீங்களா, இல்ல தளம் போடப் போறீங்களா?"

"உனக்கு என்ன தெரியும்? சரக்கோட குணம் தெரியணும்ல."

"தெரிஞ்சவரைக்கும் போதும். தட்டை நீங்களே கழுவிடுங்க. காஞ்சா ஒட்டிக்கும்."

காய்ந்தது, ஒட்டிக்கொண்டது. ஒரு டிரம்மையும் இறுகவிடாத மனிதர் அன்று தட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

விரலில் குத்துவதும் லேசுப்பட்ட வேலையாக இல்லை. நாற்பது வருடம் சிமென்ட் தின்ற விரல்கள். முதல் இரண்டு ஊசியும் உள்ளே இறங்கவே இல்லை. கடைசியில் இடது கைச் சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அந்தச் சுண்டுவிரலே ஆறு வாரமும் உழைத்தது.

இன்ஸ்டன்ட் வாரம்: 201, 198, 205, இப்படியே ஓடியது. ஒன்பது மணிக்கே பசிக்கவும் செய்தது. ரோல்டு வாரம்: 186, 184, 189. பரவாயில்லை, கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஸ்டீல் கட், அவருடைய முக்கால் ஜல்லி. வீட்டம்மா முந்தின மாலையே ஊறப்போட்டு வைத்தார். காலையில் காய்ச்சினால் பாத்திரம் தளும்ப வந்து நின்றது.

"ஒரு டம்ளர்தான் போட்டீங்களா? ரெண்டு ஆளுக்கு ஆகும் போல இருக்கே."

"நல்ல சரக்கு அப்படித்தான் பொங்கும்," என்றார் டிரம்காரர். வயிறு முட்டச் சாப்பிட்டார்.

சர்க்கரை அளக்கும் மீட்டர் 214 காட்டியது. மறுநாள் 219. அதற்கு மறுநாள் 222. டிரம்காரருக்கு முகம் செத்துவிட்டது. மெதுவாகக் கரைய வேண்டியது எப்படி இப்படி ஏறுகிறது? ஆனால் அவர் நேர்மையான ஆள். தன் ஊகம் ஒன்று, மீட்டர் சொல்வது இன்னொன்று என்றால் மீட்டர் பக்கம்தான் நிற்பார். ஆறாம் நாள் காலையில் பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டியும் டம்ளர் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஏறியது. அதைக் காய்ச்சிச் சாப்பிட்டார். அன்று 171 காட்டியது. ப்ளாண்ட் சோதனையில் ஒரு கட்டை மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் விலகி நின்றால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். டிரம்காரரும் 171-ன் மேல் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார்.

"என்னங்க இது, அதே அரை கிலோதானே? மத்த ரெண்டும் ஏழு நாள் போயும் மூணுல ஒரு பங்கு மிச்சம் இருக்கு. இது எப்படி ஆறு நாள்ல காலி?" வீட்டம்மா கேட்டார்.

"எடையில அடிச்சிருப்பான். வேற என்ன?"

சும்மா விடுவாரா? கடைக்கே போனார். கடைக்காரப் பெண் அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஸ்டீல் கட் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள். அரை கிலோ, மேலே பொட்டலத்தின் எடையாகப் பத்து கிராம். "இன்னொண்ணு வைக்கட்டுமா சார்?" என்றாள் பணிவாக. "வேண்டாம், நான் வாங்கினது மட்டும் அப்படி இருந்திருக்கும்," என்று சொல்லி இறங்கி வந்துவிட்டார். அப்போதாவது யோசித்திருக்கலாம். கோபத்தில் இருக்கிறவருக்கு யோசனை எங்கிருந்து வரும்?

மறுநாள் ப்ளாண்ட் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரம். டிரம்காரர் பழைய சுமைச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று ரகத்தையும் எண்களையும் பெரிதாக எழுதி, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினார். கீழே, "ஸ்டீல் கட் வாங்காதீர்கள். சோதித்துப் பார்த்தாகிவிட்டது" என்று ஒரு வரி. கூடியிருந்த ஓட்டுநர்களுக்கு விளக்கமும் கொடுத்தார். அவர்களில் ஒருவர், மீசைக்காரர் என்று பெயர், அவருக்கும் சர்க்கரை. ஸ்டீல் கட்டைத்தான் ஒரு மாதமாகச் சாப்பிட்டு வந்தார். "அப்படியா சொல்றே? எனக்கு ஒத்துப்போற மாதிரி இருந்துச்சே," என்று தலையைச் சொறிந்தார். "மாத்து," என்றார் டிரம்காரர். "எண்ணு பொய் சொல்லாது." மீசைக்காரர் மாற்றுகிறேன் என்றார்.

நாலாவது வாரம் ரோல்டுக்கே திரும்பினார். 186, 185, 187. கோடு 180. இன்னும் ஏழு எட்டுதான் இறங்க வேண்டும், இறங்கமாட்டேன் என்கிறது. அரை டம்ளராகக் குறைத்துப் பார்த்தார். பத்து மணிக்குள் கண் இருட்டியது, சுமை இறக்கும் இடத்தில் யாரோ நீட்டிய பிஸ்கெட் பாக்கெட்டை மொத்தமாக முடித்துவிட்டார். அதை வீட்டில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். வீட்டம்மா திட்டவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக உறைத்தது. திட்டாமல் விடுகிறாள் என்றால் அவளும் பயந்துவிட்டாள் என்றுதானே பொருள்? வாசலைத் தாண்டும்போதெல்லாம் நீல நாற்காலி தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நாற்காலிக்குக் கண் உண்டா? அவருக்கு இருந்தது போல் தெரிந்தது.

இன்னும் இரண்டு வாரம் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தான். வீட்டம்மாவின் தம்பி. அதே ப்ளாண்ட்டில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கலவை போடும் வேலை. திரையில் எண்ணைத் தட்டினால் மேலே தொட்டிகள் திறந்து ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் எடை பார்த்துக் கீழே விழும். பதினைந்து வருடமாக டிரம்காரர் அவனை "பொத்தான் அமுக்குறவன்" என்றுதான் கூப்பிடுவார். நோகாமல் உட்கார்ந்திருக்கிறவன் என்று அர்த்தம்.

"என்ன மாமா, முகம் சரியில்லையே? அக்கா சாப்பாடு போடலியா?"

"போடுறா, ஓட்ஸ்," என்றார் டிரம்காரர்.

வீட்டம்மாதான் பேச்சை எடுத்தார். "டேய், நீயே சொல்லு. மூணு பொட்டலமும் அரை அரை கிலோ. தினம் ஒரே டம்ளர். ரெண்டு பொட்டலம் வாரம் முழுக்க வந்தும் மிஞ்சுது, ஒண்ணு மட்டும் ஆறே நாள்ல தீர்ந்துபோச்சு. இவரு கடைக்காரி மேல சண்டைக்குப் போயிட்டு வந்து நிக்கிறாரு."

மச்சான் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனான், மிச்சமிருந்த இரண்டு பொட்டலங்களையும் பார்த்தான். "மாமா, எதுல அளந்தீங்க?"

"டம்ளர்ல. தலை தட்டி. ஒரு இம்மி பிசகல."

"டம்ளர்ல."

"ஆமாடா, டம்ளர்லதான். ஏன்?"

"மாமா," என்று மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னான், "போன மாசம் அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்துல ஒரு கொத்தனாரை எல்லார் முன்னாலயும் பிடிபிடின்னு பிடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? இன்னும் சட்டியில அளந்து கலவை போடுறியே, ஈர மணல் ஒரு சட்டியும் காஞ்ச மணல் ஒரு சட்டியும் ஒண்ணாடா, எங்க ப்ளாண்ட்ல கிலோ கிலோவா எடை போட்டு அனுப்புறோம்டான்னு?"

டிரம்காரர் அந்த டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, தராசு இருக்கா?"

"பொத்தான் நிறுக்கிறது இருக்கே." வீட்டம்மா தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தார். பொத்தான்களை எடைக்கு வாங்குகிறவர், எண்ண முடியாது என்பதால் ஒரு சின்னத் தராசு வைத்திருந்தார். நாலு வாரமும் அது டிரம்காரரின் முழங்கையிலிருந்து மூன்றடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

இன்ஸ்டன்ட் ஒரு டம்ளர்: 46 கிராம். ரோல்டு ஒரு டம்ளர்: 45. ஸ்டீல் கட் வீட்டில் இல்லை. கீழே போய் வாங்கி வர டிரம்காரரே கிளம்பினார். வேறு ஆளை அனுப்ப மனம் வரவில்லை. கடைக்காரப் பெண் அவரைப் பார்த்ததும் தராசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "வேண்டாம்மா, உன் எடை சரிதான். என் அளவுதான் தப்பு," என்று சொல்லி வாங்கி வந்தார். சொன்னபோது நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது போல இருந்தது. ஏன் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஸ்டீல் கட் ஒரு டம்ளர்: 88 கிராம்.

மூவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நசுக்கிய தகடுகள் டம்ளருக்குள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவே காற்றுத்தான் நிறைய. வெட்டிய மணிகள் இடுக்கில்லாமல் இறங்கி உட்காரும். ஒன்றை ஒரு பங்கு சாப்பிட்டுவிட்டு, மற்றதை இரண்டு பங்கு சாப்பிட்டுவிட்டு, இரண்டாவதுதான் மோசம் என்று தீர்ப்பு எழுதி ஒட்டியிருக்கிறார்.

மச்சான் டிரம்காரர் எண்களை எழுதிவைத்த நோட்டைப் புரட்டினான். "இது என்ன மாமா, நூத்தி எழுவத்தொண்ணை அடிச்சு வச்சிருக்கீங்க?"

"அது... பொட்டலம் தீர்ந்துபோன நாள். அரை டம்ளர்தான் இருந்துச்சு. ஒட்டாத எண்ணுன்னு தள்ளிட்டேன்."

"நீங்க சரியா அளந்தது அந்த ஒரு நாள்தான் மாமா."

வீட்டம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்தார். டிரம்காரர் அவரைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாலு வாரமாக உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, கைவிட்டது டம்ளர்தான் என்று தெரிந்தால் சிரிப்பு வராதா?

"பதினஞ்சு வருஷமா பொத்தான் அமுக்குறவன்னு சொன்னீங்களே," என்றான் மச்சான்.

"இனிமேலும் அப்படித்தான்டா சொல்லுவேன். ஆனா கொஞ்சம் மரியாதையா சொல்லுவேன்."

மறுநாள் காலை நாற்பத்தைந்து கிராம் ஸ்டீல் கட், பொத்தான் தராசில். பாத்திரத்தில் ஓர் ஆளுக்கு ஆகும் அளவுதான் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துச் சுண்டுவிரலில் குத்தினார். மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் ஐந்து நொடி ஆகும். அந்த ஐந்து நொடியும் வீட்டம்மா இயந்திரத்தை ஓட்டவில்லை.

168.

"இன்னொரு தடவை பாருங்க," என்றார் வீட்டம்மா.

"வேண்டாம். நாளைக்குப் பார்ப்போம்." மறுநாள் 165. அதற்கு மறுநாள் 161. பன்னிரண்டு மணிவரை பசியும் இல்லை. பிஸ்கெட்டை யாராவது நீட்டினால் "நீ சாப்பிடுப்பா" என்று சொல்லும் அளவுக்கு மனுஷன் பெரிய மனுஷனாகிவிட்டார்.

ஆனால் கேன்டீனில் காகிதம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, இரண்டு நாள் கூடவே இருந்தது. மீசைக்காரர்தான் நினைவில் வந்து வந்து நின்றார். அவருக்கும் அதே வாரத்தில் பரிசோதனை. சரியான வழியில் போய்க்கொண்டிருந்த மனிதரைப் பிடித்து இழுத்துத் தப்பான வழியில் விட்டாயிற்று. தன் வாயால் அவர் நீல நாற்காலியில் உட்கார்ந்தால்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது எழுந்தார். காகிதத்தை எடுத்தார். "நான் எழுதினது தப்பு," என்றார். "சட்டி அளவுல அளந்துட்டேன்."

தட்டிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. பிறகு மூலையிலிருந்து, "யாரு, நீயா?" என்று ஒரு குரல். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தட்டில் கரண்டியால் தாளம் போட்டார்கள். சமையல்காரர்கூட எட்டிப் பார்த்தார். டிரம்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருடம் மற்றவர்களுக்குக் கொடுத்தது, திரும்பி வருகிறது, வரட்டும். அவர் நினைத்த அளவுக்கு அது வலிக்கவும் இல்லை. வலிக்கும் வலிக்கும் என்று பயந்ததில்தான் இரண்டு நாள் தூக்கம் போயிருந்தது.

மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "நான் மாத்தலப்பா," என்றார் மெதுவாக.

"என்னது?"

"மாத்துறேன்னு சொன்னேன். என் வீட்டுக்காரி விடல. ஒரு மாசமா இறங்கிட்டு இருக்கு, அந்த மனுஷன் பேச்சைக் கேட்டு மாத்தினீங்கன்னா சட்டியைத் தலையில கவுத்துருவேன்னுட்டா. உன் மனசு புண்படுமேன்னு சொல்லல."

டிரம்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாரம் இறக்கிய டிரம்போல உடம்பு லேசாகிவிட்டது. "உன் வீட்டுக்காரிக்கு என் வணக்கத்தைச் சொல்லு," என்றார்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை. டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். "எனக்குப் பொத்தான் வாங்கணும், இந்தப் பக்கம்தான்," என்று கிளம்பி வந்துவிட்டார். இந்தப் பக்கம் பொத்தான் கடை எதுவும் இல்லை.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார். "நூத்தி அறுபத்திமூணு. வெறும் வயித்துலயும் நல்லா இறங்கியிருக்கு." பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். அந்தக் கிறுக்கலைப் போல அழகான எழுத்தை டிரம்காரர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. "எந்த ஓட்ஸ் ஒத்துப்போச்சு?"

"வெட்டினதும்மா. நாப்பத்தஞ்சு கிராம். எடை போட்டு."

"எடை போட்டா? பரவாயில்லையே. எல்லாரும் டம்ளர்லதான் அளப்பாங்க."

"விவரம் இல்லாதவங்கம்மா," என்றார் டிரம்காரர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கதவுக்கு வெளியே வீட்டம்மா இருமினார்.

"மாத்திரையை நிறுத்திடாதீங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணும்."

"வர்றேம்மா. நீங்க கூப்பிடாட்டியும் வருவேன்."

வெளியே வந்ததும் காகிதத்தை மனைவியிடம் கொடுத்தார். வீட்டம்மா அதை இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து, கைப்பையில் பொத்தான் பொட்டலம் வைக்கும் உள்ளறையில் வைத்துப் பூட்டினார். "போங்க, வண்டி நிக்குது," என்றார். ஆறு வாரத்துக்கு முந்தின முகம் திரும்பி வந்திருந்தது.

டிரம்காரர் வண்டியில் ஏறி, கலவை வாங்க நிறுத்தினார். மேலே கண்ணாடி அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் மச்சானின் குரல். சேதி அதற்குள் எட்டிவிட்டது போலும்.

"மாமா, ஆறு கன மீட்டர். எடை போட்டு அனுப்பட்டுமா, டம்ளர்ல அளந்து ஊத்தட்டுமா?"

"வாயை மூடிட்டுப் பொத்தானை அமுக்குடா."

ஜல்லி விழுந்தது, மணல் விழுந்தது, சிமென்ட் விழுந்தது. டிரம் சுழன்றது. வாசலில் நீல நாற்காலிக்காரர் எண்ணை எழுதிக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்கினார். டிரம்காரர் ஆறு வாரத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் திரும்பி, அவரைப் பார்த்துச் சத்தமாக, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு, நீ?" என்றார் அவர். "ஆச்சு, நாப்பத்தஞ்சு கிராம்," என்று சொல்லி டிரம்காரர் சாலையில் ஏறினார்.

சீட்டுக்குப் பின்னால் சர்க்கரைப் பொட்டலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி வீட்டம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அது டிரம்முக்கு வைத்தது, அதில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார்.